தமிழ்மாறன் முறுக்கி வைத்தது

பிரவீணாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பேய்ப் பயம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால், "அதானே பார்த்தேன், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிலர் கதையை அத்தோடு மூடி வைத்துவிடுவார்கள். உடையார்பாளையத்தில் முந்திரித் தோப்பை ஒட்டிய தெருவில் பிறந்தவள். பொழுது சாய்ந்துவிட்டால் தோப்பு வழியாக வர மாட்டாள். எவ்வளவு தூரமானாலும் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேருவாள். அவளுடைய அம்மா முந்திரி உடைத்து உடைத்து, கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்தோல் உரிந்துபோனவள். அந்தக் கையால்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

மகள் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, பெரம்பலூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். ஊர் இரண்டு கேள்வி கேட்டது. என்ன ஆராய்ச்சி? கல்யாணம் எப்போது? முதல் கேள்விக்கு அவள் சொன்ன பதில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவதற்கு அவள் பதிலே சொல்லவில்லை.

உண்மையில் அவள் வேலை கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. துத்தநாக ஆக்சைடு என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. வேர்க்குருவுக்குப் போடும் பவுடரிலும், குழந்தைக்குத் தடவும் களிம்பிலும் இருப்பது அதுதான். அதையே நுண்துகளாகச் செய்துகொள்ள வேண்டும். ஒரு தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு சிறிசு. அந்தப் பொடியை இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே வைத்து நெருக்க வேண்டும். நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஒரு லட்சம் மடங்குக்கு மேலே போனால், பொடிக்குள் அணுக்கள் அடுக்கி நிற்கிற முறையே மாறிவிடும். உருகாது, கருகாது. பார்வைக்கு அதே பொடிதான், ஆனால் உள்ளே வேறு ஆள்.

பருமனான துகளாக இருந்தால் அழுத்தத்தை எடுத்ததும் பழைய அடுக்குக்கே ஓடிவந்துவிடும். மிகச் சிறிய துகள் சிலசமயம் வராது. கையை எடுத்த பிறகும் அழுத்தின கோலத்திலேயே நின்றுவிடும். பழைய அடுக்கில் இருப்பதுதான் அதற்கும் சுகம், ஆனால் திரும்பி வரும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. அதைத் தாண்டத் தெம்பு போதாது. சூடு கொடுத்தால் தெம்பு வந்து தாண்டிவிடும். எவ்வளவு சிறிய துகள் எந்த அழுத்தத்தில் இப்படி நின்றுபோகும் என்று கண்டுபிடிப்பதுதான் பிரவீணாவின் வேலை. அவளுக்கு ஒரு வருடம் மூத்தவனான தமிழ்மாறனின் வேலையும் அதுதான்.

வைரங்கள் இருக்கும் கருவி குங்குமச் சிமிழை விடக் கொஞ்சம் பெரிது. எஃகால் ஆனது, மேலே நான்கு திருகுகள். அந்த நான்கையும் மாற்றி மாற்றி, துளித்துளியாக முறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். இவர்கள் அதை டப்பா என்பார்கள். பொடியோடு ஒரு மாணிக்கத் துணுக்கையும் டப்பாவுக்குள் போடுவார்கள். பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அழுத்தம் ஏற ஏற அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கருவி படித்துச் சொன்னால், உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவிடும். பொடியின் கதையைச் சொல்ல இன்னொரு அடையாளம் உண்டு. பழைய அடுக்கில் இருக்கும்வரை திரையில் ஓரிடத்தில் கூம்புபோல ஒரு கோடு எழும். அடுக்கு மாறிவிட்டால் கூம்பு காணாமல் போகும்.

இதற்கெல்லாம் இருட்டு வேண்டும். நல்ல பகலிலும் கறுப்புத் திரை போட்ட அறையில்தான் வேலை. பேய்ப் பயம் உள்ள பெண்ணுக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள். முதல் மாதம் அவள் தனியாக உள்ளே போகவே மாட்டாள். தமிழ்மாறன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "உள்ள யாரும் இல்ல, போ. இருந்தாலும் அவங்களும் பிஎச்.டி. பண்றவங்களாத்தான் இருப்பாங்க, பாவம், ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்று கேலி செய்வான்.

அவன் செந்துறைக்காரன். அப்பா இல்லை. அம்மா அமிர்தவல்லி, கொஞ்சம் மானாவாரி நிலமும் நாலு ஆடும் வைத்துக்கொண்டு மகனை ஆளாக்கியவள். அவன் தினமும் பைக்கில் அரியலூர் வழியாக வந்து போவான். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். அவன் அம்மா கட்டிக் கொடுத்த கம்பங்கூழ் வடாம் பாதி இவளுக்குப் போகும். ஒரு பையனும் பெண்ணும் குழம்பை மாற்றிக்கொண்டால் ஊருக்கு அது போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அவளுக்கு இந்த உலகத்தில் தன் வேலையைப் பற்றிப் பேசிப் புரியவைக்கத் தேவையில்லாத ஆள் அவன் ஒருவன்தான் இருந்தான். அதற்குப் பெயர் என்னவென்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

அந்த ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ்மாறன் ஒரு புதுப் பொடியை டப்பாவில் ஏற்றினான். அவனே செய்த பொடி, அதுவரை அவர்கள் செய்ததிலேயே சிறிய துகள். முறுக்கிக்கொண்டே போனவன், அடுக்கு மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திக்கொண்டான். முறுக்கிய பிறகும் டப்பா அடங்காது. உள்ளே பொடியைத் தாங்கியிருக்கும் எஃகுத் தகடு மெல்ல நெகிழ்ந்து அமர, அழுத்தம் தானாகவே ஒரு நாள், இரண்டு நாள் ஏறி, பிறகு நிற்கும். அது அடங்கட்டும் என்று விட்டான்.

"தொடாத. நாளைக்கி காலையில நான் வந்து பாக்குறேன்" என்றான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அரியலூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டில், பொழுது இறங்கும் வேளையில், ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. அந்த ரோட்டில் இது புதுசில்லை. அந்த ரோட்டில் இது புதுசில்லை என்று நாமும் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம், அதுதான் வயிற்றெரிச்சல்.

கல்யாணம் ஆகாத பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, புதைத்தார்கள். பிரவீணா போயிருந்தாள். குழியில் இறக்குமுன் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை அவிழ்த்தார்கள், அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பி, தட்டில் சோற்றைப் போட்டதும் வந்தது.

திங்கட்கிழமை அவள் இருட்டறைக்குள் தனியாகப் போனாள். வாசலில் நாற்காலி காலியாகக் கிடந்தது. தொடாதே என்றுதானே சொன்னான், பார்க்காதே என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு, லேசரை மட்டும் போட்டாள். சிவப்பு எரிந்தது. கணக்குப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவன் விட்டுப்போன இடத்திலிருந்து நன்றாக ஏறியிருந்தது. சரி, அடங்குகிறது என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை இன்னும் ஏறியிருந்தது. புதன்கிழமையும். அந்த வாரம் முழுக்க அது ஏறிக்கொண்டே இருந்தது, அடுத்த வாரமும் நிற்கவில்லை. அவர்கள் கையாண்ட எந்த டப்பாவும் இப்படிச் செய்ததில்லை. அறைச் சாவி அவளிடமும் பேராசிரியர் வேணுகோபாலிடமும் மட்டும்தான். அவரோ ஊரில் இல்லை. திருகுகளின் தலையில் பேனாவால் சிறு கோடு போட்டு வைத்தாள், யாராவது திருப்பினால் தெரியும் என்று. கோடுகள் போட்ட இடத்திலேயே இருந்தன. அழுத்தம் மட்டும் ஏறியது.

வேணுகோபாலுக்கு ஃபோன் செய்தாள். அவர் நல்ல மனிதர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர்ப் பாசத்தில் திரும்பி வந்தவர். பாசத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுருக்கமாகப் பேசுவார்.

"தகடு நெகிழுதும்மா. சிலது ரொம்ப நாள் நெகிழும். ஏறட்டும், நல்லதுதான். நீ ஒண்ணும் செய்யாத. வடக்கே பெரிய எக்ஸ்ரே மையத்துல நாள் கேட்டிருக்கேன். டப்பாவை அப்படியே அங்க கொண்டுபோய்தான் தொறக்கணும். பொடி திரும்பாம நின்னுச்சுன்னா அது தமிழோட கண்டுபிடிப்பு. மொதல் பேரு அவன் பேருதான். நான் வாக்கு குடுத்திருக்கேன்."

அவன் பெயரில் மிஞ்சியிருப்பது அந்த டப்பா ஒன்றுதான் என்று பிரவீணாவுக்கும் புரிந்தது. அதைக் கண்ணில் வைத்துக் காப்பது என்று தீர்மானித்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செந்துறைக்குப் போனபோதுதான் அந்தத் தப்பைச் செய்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அமிர்தவல்லி பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்லி ஆற்றுவதென்று பிரவீணாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தமிழ் கடைசியா முறுக்கி வச்சது அப்புடியே இருக்கும்மா. நான் ஒரு திருகைக்கூட தொடல."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது. அமிர்தவல்லி தலையைத் தூக்கிப் பார்த்த பார்வையில் ஆறுதல் இல்லை.

"எதை முறுக்கி வச்சிருக்கான்?" என்று கேட்டாள்.

நான்கு நாள் கழித்து, காலையில், அமிர்தவல்லி தன் தம்பி செல்லதுரையைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கே வந்துவிட்டாள். கேண்டீன் பக்கம் வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். செல்லதுரை சங்கடத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி சுற்றி வளைக்கவில்லை.

"எங்க வகையறாவுல ஒரு மொற இருக்கு கண்ணு. செத்தவன் கையால போட்ட முடிச்சு ஒண்ணுகூட பாக்கி இருக்கக் கூடாது. காரியத்துக்குள்ள அவுத்துடணும். ஆட்டுக் கயித்தை அவுத்தோம். கொடிக் கயித்தை அவுத்தோம். இந்தத் தம்பி வூட்டுக் கூரையில தார்ப்பாய் கட்டிக் குடுத்திருந்தான், மழை நாள்னும் பாக்காம அதையும் அவுத்தாச்சு. உன்கிட்ட ஒண்ணு பாக்கி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"அது முடிச்சு இல்லம்மா. திருகு."

"அவன் கை இறுக்குனதுதான?"



அமிர்தவல்லி முந்தானையை ஒதுக்கி நெற்றிப் பொட்டைக் காட்டினாள். இரண்டு பக்கமும் கட்டை விரல் அகலத்துக்கு லேசாகக் கன்றியிருந்தது.

"எனக்கு ஒத்தத் தலவலி உண்டு. வலி வந்தா அவன் பின்னால உக்காந்துகிட்டு, ரெண்டு பொட்டுலயும் கட்டை விரலை வச்சு அழுத்துவான். அவன் போன மறுநாளே ஆரம்பிச்சுது. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே எடத்துல அதே மாதிரி. மொதல்ல சொகமாத்தான் இருந்துச்சு, புள்ள வந்துட்டான்னு உக்காந்திருந்தேன். ஆனா விட மாட்டேங்குறான். தெனமும் முந்தா நாளைவிட இறுக்குறான். இப்ப கண்ணு பிதுங்குது."

"அக்கா தானே அழுத்திக்குது போலருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல" என்றார் செல்லதுரை, பிரவீணாவுக்கு மட்டும் கேட்கும்படி.

இருக்கலாம். ஆனால் தினமும் முந்தைய நாளைவிட இறுக்குகிறான் என்று அந்த அம்மா சொன்னபோது, பிரவீணாவுக்குத் திரையில் தினமும் ஏறிய அந்தக் கணக்குதான் நினைவு வந்தது. அழுத்தம் ஏறிக்கொண்டிருப்பதை அவள் பேராசிரியரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவர் இவர்களைப் பார்த்ததே இல்லை.

"சார் வரட்டும்மா. கேட்டுட்டு சொல்றேன்" என்று அனுப்பி வைத்தாள். போகும்போது அமிர்தவல்லி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவளை அல்ல, கட்டடத்தை.

மறுநாள் காலை இருட்டறையில் டப்பாவை வைத்துத் திரையைப் பார்த்தாள். கூம்பு இல்லை. எழ வேண்டிய இடத்தில் தரைபோல் சமமாகக் கிடந்தது. யாரும் தொடாமல், யாரும் முறுக்காமல், பொடி உள்ளே மாறிவிட்டிருந்தது. அவன் நிறுத்திய இடத்திலிருந்து அந்த வேலையை அதுவே செய்து முடித்துவிட்டது. தகடு நெகிழ்ந்தது, வேறொன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சின்ன அறையில் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றாள்.

செல்லதுரை ஃபோன் செய்தார். "நேத்தி ராத்திரி அக்கா மயக்கம் போட்டு வுழுந்துடுச்சும்மா. டாக்டர் பிரஷர்ங்கறாரு. மாத்திரை குடுத்திருக்காரு. நீங்க எதுனாச்சும் செய்ய முடியுமா?"

பிரவீணா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். டப்பாவைத் திறந்து, பொடி பழையபடி திரும்பிவிட்டால் தமிழின் பெயரில் ஒன்றும் மிஞ்சாது. திறக்காவிட்டால், மையத்தில் நாள் கிடைக்கிறவரை அந்த அம்மா தாங்குவாளா? கடைசியில் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது உயிரோடு இருப்பவள்தான். அவள் பேராசிரியரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் யாரும் இல்லாத மத்தியானத்தில் அமிர்தவல்லியை இருட்டறைக்குள் கூட்டி வந்தாள். செல்லதுரை வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். லேசரைப் போட்டதும் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அமிர்தவல்லி கைகூப்பினாள்.

"தாய் கையால அவுக்கணும்" என்றாள்.

பிரவீணா திருகுச் சாவியைக் கொடுத்து, எந்தத் திருகுக்குப் பிறகு எந்தத் திருகு என்று விரலை வைத்துக் காட்டினாள். ஒரேயடியாகத் திருப்பினால் வைரம் உடையும். அந்த அம்மா ஆட்டுக்குட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பதுபோல அவ்வளவு பதமாகத் திருப்பினாள். ஒவ்வொரு திருப்பலுக்கும் கணக்கு இறங்கியது. நடுவில் ஒரு திருகு வர மறுத்தது. "விடுடா கண்ணு, அம்மாதான்" என்றாள். வந்தது.

நான்கும் தளர்ந்தன. அழுத்தம் ஒன்றுமில்லை. உள்ளே இருந்தது நாம் மூச்சுவிடும் காற்றின் கனம்தான். பிரவீணா திரையைப் பார்த்தாள். கூம்பு எழவில்லை. கருவியை மறுபடி ஓட்டினாள். எழவில்லை. பொடி திரும்பவில்லை. கை எடுத்த பிறகும் அழுத்தின கோலத்திலேயே நின்றது. தமிழ்மாறன் மூன்று வருடம் தேடியது அவள் கண் முன்னால் இருந்தது.

"விட்டுட்டானா?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

பிரவீணாவுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. இருட்டில் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"விட்டுட்டாரும்மா" என்றாள்.

வேணுகோபால் முதலில் திட்டித் தீர்த்தார். கூம்பு இல்லாத படத்தைப் பார்த்ததும் திட்டை மறந்துவிட்டார். "நின்னுடுச்சா! நின்னுடுச்சும்மா!" என்று ஃபோனிலேயே குதித்தார். ஆனால் இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாரும் நம்ப மாட்டார்கள், எக்ஸ்ரே மையத்தில் பார்த்தால்தான் நிற்கும், பொடியைத் தகட்டோடு பத்திரமாக வைத்திரு என்றார். அடுத்த மாதத்துக்கே நாள் கிடைத்துவிட்டது. தமிழ்மாறன் செய்த பொடியில் வேறு மிச்சம் இல்லை, அதே பொடியை மறுபடி செய்ய யாருக்கும் சரியாகக் கைவரவில்லை. பிரவீணா செய்து பார்த்த பொடிகள் எல்லாம் அழுத்தத்தை எடுத்ததும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிவிட்டன.

செந்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் சத்தமில்லை. அவள் நிம்மதியாக மூச்சு விட்ட சமயத்தில் அமிர்தவல்லியே கூப்பிட்டாள்.

"கண்ணு, இறுக்கறது நின்னு போச்சு."

"நல்லதும்மா."

"ஆனா வெரலை எடுக்கல. வச்ச எடத்துல வச்சபடி இருக்கான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. தூங்குனாலும் இருக்கான், முழிச்சாலும் இருக்கான். கொல்லைக்குப் போற நேரத்துல ஆடு என்னமோ என் தலைக்கு மேல பாத்துக்கிட்டு நிக்கிது. கிட்ட வரமாட்டேங்குது. நீ விட்டுட்டான்னுதான சொன்ன?"

"ஆமாம்மா."

"அப்ப இது யாரு?"

அமிர்தவல்லி ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் கூப்பிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை என்றாள். ஒருநாள் அழுதாள். "என் புள்ளைக்கு வழி தெரியல போலருக்கு கண்ணு. எங்க நிக்கிறோம்னு தெரியாம நிக்கிறான். போகவும் முடியல, வரவும் முடியல" என்றாள். துகளைப் பற்றிப் பிரவீணா தன் ஆய்வேட்டில் எழுதி வைத்திருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். படிக்காத அந்த அம்மாவிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை.

பொடியை எப்படித் திருப்புவது என்று அவளுக்குத் தெரியும். முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். சூடு கொடுத்தால் போதும். கொடுத்துவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும், மறுபடி நெருக்கினாலும் நிற்காது. உலகத்தில் தமிழ்மாறன் என்று ஒருவன் ஏதோ கண்டுபிடித்தான் என்பதற்கு அத்தாட்சி இருக்காது. அவன் பெயர் எந்தத் தாளிலும் முதலில் வராது, கடைசியிலும் வராது. மூன்று வருடம் அவன் குனிந்து உட்கார்ந்திருந்த முதுகு அவளுக்கு நினைவு வந்தது. அவனிடமே கேட்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வான்? அம்மாவுக்குத் தலைவலி என்றால் எந்தச் சோதனையையும் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவன்தான் அவன். அது நினைவு வந்த பிறகு அவள் யோசிக்கவில்லை.

மையத்துக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, சாயங்காலம், எல்லோரும் காலேஜ் பஸ்ஸுக்குப் போன பிறகு, அந்தத் தகட்டைச் சூடேற்றும் மேடையில் வைத்தாள். பக்கத்தில் திரை. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. முன்னூறு டிகிரியைத் தாண்டியதும் தரைபோல் கிடந்த கோட்டில் ஓர் இடம் லேசாகப் புடைத்தது. பிறகு மெல்ல எழுந்து கூம்பாக நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அந்த அறையில் அவளுக்கு அன்றுதான் பயமே இல்லை. உள்ளே யாரும் இல்லை என்று முதல்தடவையாக உறுதியாகத் தெரிந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மேடையை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டபோது ஃபோன் அடித்தது. அமிர்தவல்லி.

"இப்பதான் வெளக்கு வச்சுட்டு உக்காந்தேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை. "விட்டுட்டான்."

"அப்புடியாம்மா."

"மொதல்ல ஒரு வெரலு. அப்பறம் இன்னொரு வெரலு. தல லேசா இருக்கு." பிறகு கேட்டாள். "நீ அன்னைக்கே விட்டுட்டான்னு சொன்னியே. அன்னைக்கி விடலதான?"

பிரவீணா இனிமேல் பொய் சொல்லப் போவதில்லை.

"இல்லம்மா. அன்னைக்கி விடல."

"இன்னைக்கி என்ன பண்ணுன?"

"சூடு காட்டுனேம்மா."

"நெருப்பா?"

"நெருப்பு இல்லம்மா, மெஷின்தான். ஆனா சூடு."

"கல்யாணம் ஆவாத புள்ளன்னு மண்ணுலதான வச்சோம்" என்றாள் அமிர்தவல்லி. "நெருப்பை நீ காட்டிட்டியா."

மறுமுனையில் ஆடு கத்துவது கேட்டது. யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா பெருமூச்சு விட்டாள்.

"வூடு வெறிச்சுன்னு கெடக்கு கண்ணு. இத்தினி நாளு வலிச்சாலும் இருந்தான். போவணும் போவணும்னு நான்தான் கத்துனேன். எனக்கு இந்த லேசு வேணாம்." குரல் உடைந்தது. "அதை மறுபடியும் முறுக்க முடியாதா?"

"முறுக்கலாம்மா" என்றாள் பிரவீணா. "ஆனா இனிமே முறுக்குனா, அது என் கைதாம்மா."

அமிர்தவல்லி அதை யோசித்துப் பார்ப்பது ஃபோனிலேயே தெரிந்தது.

"அப்ப வேணாம் கண்ணு" என்றாள்.